அறாமலே சாகும் கம்பி

என் மேசையில் ஒரு பழைய பேஸ் கிட்டார் கம்பி சுருண்டு கிடக்கிறது. நான்கில் தடித்தது, ஈ கம்பி. இரண்டரை வருடம் வாசித்துவிட்டு நேற்றுத்தான் கழற்றினேன். எங்கும் அறவில்லை, பிரியவில்லை. வளைத்துவிட்டால் விறைப்பாக நிமிர்ந்துகொள்கிறது. இரண்டு கையாலும் பற்றி இழுத்துப் பார்த்தேன், அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் கழற்றுவதற்கு முன் அதை மீட்டியபோது வந்ததோ 'தும்' என்று போர்வைக்குள்ளிருந்து எழுவதுபோன்ற ஒரு சத்தம். அதே கம்பெனியின் அதே தடிமன் கொண்ட புதுக் கம்பியை அந்த இடத்தில் மாட்டியதும், பியானோவின் இடது கோடிக் கட்டையை அழுத்தியதுபோலக் கணீரென்று எழுந்து வெகுநேரம் ரீங்கரித்தது.

சாதாரண கிட்டார் வாசிப்பவருக்கு எப்போது கம்பி மாற்றுவது என்ற குழப்பம் அவ்வளவாக இல்லை. மெல்லிய கம்பி ஒரு நாள் பட்டென்று அறும், மாற்றியாக வேண்டும். பேஸ் கம்பி அறுவது அபூர்வம். முழுசாக இருப்பதுபோலவே இருந்துகொண்டு உள்ளுக்குள் சாகும். கடையில் நின்று நாம் இரண்டு கேள்வி கேட்கிறோம்: எது நல்ல சத்தம் தரும், எது நாள்பட உழைக்கும் என்று. எனக்கு அவை இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. சத்தத்தில் எந்தப் பகுதி முதலில் சாகிறது என்று புரிந்துகொண்டால், எந்தக் கம்பியை வாங்குவது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு பேஸ் செட்டின் விலையில் சாதாரண கிட்டாருக்கு மூன்று செட் வாங்கிவிடலாம். ஆகவே கொஞ்சம் நின்று நிதானமாகவே பார்ப்போம்.

கம்பியின் சுருதியைத் தீர்மானிப்பவை மூன்று: நீளம், இழுவிசை, எடை. பிரான்ஸ் நாட்டுத் துறவி மரேன் மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தி வைத்தார். நீளம் இரட்டித்தால் அதிர்வெண் பாதியாகும். எடை நான்கு மடங்கானாலும் பாதியாகும். இழுவிசையை நான்கு மடங்கு ஏற்றினால்தான் அதிர்வெண் இரட்டிக்கும். பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளைவிட இவை சரியாக ஒரு ஸ்தாயி கீழே. நீளத்தை மட்டும் கூட்டி அந்த ஆழத்துக்கு இறங்க வேண்டுமென்றால் கம்பி 50 அங்குலத்துக்கு மேல் நீள வேண்டும். அந்த அளவில் மரப்பலகை செய்துவிடலாம், ஆனால் வாசிக்க யாருடைய கை எட்டும்?

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது 34 அங்குலத்தில் நிறுத்தினார். இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு அதுதான். நீளத்தில் குறைந்ததை எடையில் ஈடுகட்ட வேண்டும். ஈ கம்பியை ஏறக்குறைய 18 கிலோ இழுவிசையில் கட்டுவதாக வைத்துக்கொண்டு மெர்சென்னின் கணக்கைப் போட்டால், மீட்டருக்குச் சுமார் 35 கிராம் எடை வேண்டும் என்று வருகிறது. (நான்கு கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் 75 கிலோவைத் தாண்டும். ஒரு வளர்ந்த ஆள் இரவு பகலாகக் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமம் அது.)

அந்த 35 கிராமை வெறும் எஃகுக் கம்பியாகவே செய்தால் என்ன? கணக்குப்படி அது 2.4 மில்லிமீட்டர் தடிமன் வரும். சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பியே 2 மில்லிமீட்டர்தான். அதைவிடத் தடித்த ஒன்றை இழுத்துக் கட்டினால் அது கம்பியாகவும் நடந்துகொள்ளாது, தடியாகவும் நடந்துகொள்ளாது. இங்கேதான் கம்பியின் நான்காவது குணமான விறைப்பு உள்ளே வருகிறது.

மீட்டிய கம்பி ஒரே ஒரு அதிர்வெண்ணில் ஆடுவதில்லை. முழு நீளமும் வில்லாக வளைந்து விநாடிக்கு 41 முறை ஆடும்போதே, இரண்டு பாதிகளாகப் பிரிந்து 82 முறையும், மூன்று பங்குகளாக 124 முறையும், நான்காக 165 முறையும் ஆடுகிறது. இப்படி மேலே போய்க்கொண்டே இருக்கும் இவைதான் மேற்சுரங்கள். அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளாக இவை வரிசையில் நிற்கும்வரை காது அதை ஒரே சுரமாக, இனிமையாகக் கேட்கும். விறைத்த தடி இந்த வரிசையைக் குலைக்கிறது. எவ்வளவு சிறிய பங்காகப் பிரிகிறதோ அவ்வளவு கூர்மையாக வளைய வேண்டும். வளைய மறுக்கும் உலோகம் அந்த மேற்சுரத்தை அதன் இடத்தைவிட உயரத் தள்ளிவிடும். நம் 2.4 மில்லிமீட்டர் எஃகில், 10 மடங்கில் நிற்க வேண்டிய மேற்சுரம் சுமார் 18 மடங்குக்கு ஓடிப்போகும். அது இசையாக இருக்காது, இரும்புக் குழாயைத் தட்டிய ஓசையாக இருக்கும்.

விறைப்பின் பாதிப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. தடிமனைப் பாதியாக்கினால் பாதிப்பு பதினாறில் ஒன்றாகிவிடும். தீர்வு இதற்குள்ளேயே இருக்கிறது: இழுவிசையைத் தாங்க உள்ளே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓர் எஃகு நரம்பு, எடை கூட்டுவதற்கு அதன் மேல் சுருள் சுருளாகச் சுற்றிய இன்னொரு கம்பி. ஈ கம்பியில் ஒரு சுற்றுக்கு மேல் இன்னொரு சுற்றும் இருக்கும். சுருள் எடையைக் கூட்டும், ஆனால் வளைவதை அதிகம் தடுக்காது. வீணையில் கீழ்ச் சுரம் பேசும் மந்தரத்தையும் அநுமந்தரத்தையும் பித்தளையிலோ சுற்றிட்ட கம்பியிலோ கட்டுவதும் எடை கூட்டத்தான்.

ஆக, பேஸ் கம்பி என்பது ஒற்றைப் பொருளல்ல, இரண்டு உலோகங்களின் கூட்டுக் குடும்பம். உள்ளே நரம்பு, வெளியே சுருள். அதன் சத்தமும் சாவும் இந்த இரண்டுக்கும் இடையில் நடப்பவற்றைப் பொறுத்தவை. இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பிழை. பல வருடங்களுக்கு முன், புதிதாக வாங்கிய கம்பி ட்யூனிங் கீயில் சுற்ற அதிக நீளமாக இருந்ததால், மாட்டுவதற்கு முன்னாலேயே கட்டிங் பிளேயரால் நறுக்கினேன். வெட்டிய நுனியில் சுருள் நரம்பின் மேல் நழுவியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாட்டி மீட்டினால், பையிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுக் கம்பி கிழடாக முனகியது. சுருளின் பிடி தளர்ந்ததும் அது நரம்போடு சேர்ந்து ஆடாமல் தனியாக உராய்கிறது, சத்தத்தைத் தின்கிறது. நறுக்குவதற்கு முன் கம்பியை அந்த இடத்தில் செங்கோணமாக மடக்கிவிட வேண்டும், மடிப்பு சுருளைப் பூட்டிவிடும். இன்று பல கம்பிகளின் நரம்பு அறுகோண வடிவில் வருகிறது. அதன் ஆறு விளிம்புகளும் சுருளைக் கடித்துப் பிடித்துக்கொள்கின்றன. வட்ட நரம்புக் கம்பி விரலுக்கு மிருதுவாக இருக்கும் என்று விரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் மடக்காமல் நறுக்கவே கூடாது.

மேற்சுரங்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. கைபேசியின் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவாலும் முடியாது. இருந்தாலும் நமக்கு அந்தச் சுரம் கேட்கிறது. 82, 124, 165, 206 என்று வரிசை காதுக்குள் வந்தால், இவை அனைத்தும் 41-இன் மடங்குகள் என்று மூளை கண்டுகொண்டு, காற்றில் இல்லாத அடிச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. 80-களில் இளையராஜாவின் பாடல்களை டீக்கடை ரேடியோவில் கேட்டு வளர்ந்த பலருக்குப் பாட்டின் மெட்டோடு அதன் பேஸ் கிட்டார் ஓட்டமும் மனப்பாடம். அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து அடிச் சுரம் வந்திருக்க வழியே இல்லை. வந்தவை மேற்சுரங்கள் மட்டுமே. பேஸ் என்றால் கீழ்ச் சுரம்தானே, மேலே இருப்பது எதற்கு என்று நினைத்துக் கம்பி வாங்குகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

ஃபெண்டரின் முதல் பேஸ்களில் இருந்தவை தட்டைச் சுருள் கம்பிகள். நரம்பின் மேல் வட்டக் கம்பிக்குப் பதிலாக ரிப்பன்போன்ற தட்டை உலோகத்தை நெருக்கிச் சுற்றியவை. தொட்டால் வழவழவென்று கண்ணாடிபோல இருக்கும். அப்போதைய பேஸ் கலைஞர்கள் பலர் ஆளுயர டபுள் பேஸிலிருந்து வந்தவர்கள். அதன் உருண்ட, மந்தமான, சீக்கிரம் அடங்கும் ஒலிதான் அவர்கள் காதில் 'பேஸ்'. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி நிற்கும் ரிப்பன் விளிம்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து உயர்ந்த மேற்சுரங்களை அடக்குவதால் தட்டைக் கம்பி அந்த ஒலிக்கு நெருங்கி நின்றது.

லண்டனில் 'தி ஹூ' ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலுக்கு அது போதவில்லை. பேஸ் பின்னால் நின்று முட்டுக்கொடுக்காமல் பியானோபோல முன்னால் வந்து பேச வேண்டும் என்பது அவர் ஆசை. 1965-இல் 'மை ஜெனரேஷன்' பாட்டில் பேஸுக்கென்று தனி ஆவர்த்தனமே வைத்தார்கள். அந்தக் கணீர் ஒலிக்காக டேன்எலெக்ட்ரோ என்ற அமெரிக்க பேஸ் கிட்டாரை வாங்கியதாகவும், அதன் மெல்லிய கம்பி அறுந்தபோது ஊரில் மாற்றுக் கம்பி கிடைக்காமல் இன்னொரு கிட்டாரையே வாங்கியதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹவ் என்று ஒரு பொறியாளர் இருந்தார், ரோட்டோசவுண்ட் கம்பெனியைத் தொடங்கியவர். 1949-இல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தில் ஆன்டன் கராஸ் வாசித்த ஜிதர் வாத்தியத்தின் ஒலியில் மயங்கி, அதற்குக் கம்பி செய்ய இயந்திரம் கட்டியதுதான் அவருடைய கம்பித் தொழிலின் ஆரம்பம். 1966-இல் என்ட்விசில் அவரோடு உட்கார்ந்து, நரம்பின் தடிமனையும் சுருளின் தடிமனையும் மாற்றி மாற்றிப் பார்த்து, தான் தேடிய வட்டச் சுருள் கம்பியை உருவாக்கவைத்தார். துருப்பிடிக்காத எஃகில் சுற்றிய 'ஸ்விங் பேஸ் 66' என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. வட்டச் சுருளில் ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஒரு கோட்டில்தான் தொட்டுக்கொள்கின்றன. உராய்வு குறைவு, வளைவது எளிது, மேற்சுரங்கள் உயிரோடு வெளியே வருகின்றன. ராக் இசையின் உறுமும் பேஸ் ஒலிக்கு இந்தக் கம்பி பெரும் காரணம்.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில், டெட்ராய்ட்டின் வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648-ஆம் எண் வீட்டில், மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அவரிடம் 1962-ஆம் வருடத்து பிரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லா கம்பெனியின் தடித்த தட்டைக் கம்பிகள், ஈ கம்பி 0.110 அங்குலம், ஜி கம்பி 0.052. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில், அவற்றை அமுக்கும் ஒரு ஸ்பஞ்சுத் துண்டு. வலக்கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். அந்தக் கம்பிகளை அவர் மாற்றவே மாட்டார், அறுந்தால்தான் மாற்றுவார் என்பது பேஸ் உலகில் எல்லோரும் அறிந்த கதை. ஃபோர் டாப்ஸ் பாடிய 'பெர்னடெட்', மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' எல்லாம் அந்தக் கம்பிகளிலிருந்து வந்தவை. அவற்றில் மினுக்கு என்பதே கிடையாது. 'தொம்' என்று ஒரு தொடக்கம், ஒரு உருண்டை ஒலி, உடனே அடக்கம். மிருதங்கத்தின் தொப்பிபோல. ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும், ஏனென்றால் ஒன்று அடங்கிய பிறகுதான் அடுத்தது வருகிறது. அத்தனை சுரங்களை அத்தனை வேகத்தில் நெருக்கி வாசிக்க இந்த அடக்கம் அவருக்கு உதவியது என்று நான் நம்புகிறேன்.

இதைப் படித்துவிட்டுத் தட்டைக் கம்பி என்றாலே மந்தம், வட்டக் கம்பி என்றாலே கணீர் என்று எழுதி வைத்துக்கொண்டால் தப்பாகிவிடும். 'அயர்ன் மெய்டன்' குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பதும் தட்டைக் கம்பிகளே. ரோட்டோசவுண்ட் அவர் பெயரிலேயே ஒரு செட் விற்கிறது. அவருடைய பேஸோ குதிரை ஓடுவதுபோலக் கடகடவென்று உலோக ஓசையோடு விழும். ஒவ்வொரு கச்சேரிக்கும் அவர் புதுக் கம்பி மாட்டுகிறார். ஜேமர்சன் வருடக்கணக்கில் மாற்றாத அதே வகைக் கம்பியை ஹாரிஸ் ஒரு ராத்திரிக்குமேல் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு பேருடைய ஒலிக்கும் நடுவில் உள்ள தூரத்தில் கம்பியின் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. புதுத் தட்டைக் கம்பியும் மினுங்கத்தான் செய்யும். அந்த மினுக்கு போன பிறகு ஜேமர்சனுக்கு வேண்டியது ஆரம்பிக்கிறது. ஹாரிஸுக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

வயதானால் கம்பிக்குள் என்ன ஆகிறது? மேசையில் கிடக்கும் ஈ கம்பியைக் கடிகாரக்காரர் வைத்திருப்பதுபோன்ற ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் வைத்துப் பார்க்கிறேன். சுருளின் முகடுகள் வெள்ளியாக மின்னுகின்றன, பள்ளங்கள் கறுப்பு. ஊசி நுனியால் ஒரு பள்ளத்தைச் சுரண்டினால் மெழுகுபோன்ற ஒரு பசை சுருண்டு வருகிறது. வியர்வை, எண்ணெய்ப்பசை, விரலிலிருந்து உதிர்ந்த தோல், தூசி, கம்பியே தேய்ந்த உலோகப் பொடி எல்லாம் சேர்ந்து குழைந்தது. கம்பியின் அடிப்பக்கம், அதாவது விரலே படாத, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்களைப் பார்த்திருந்த பக்கம், இன்னும் சுவாரஸ்யமானது. ஒவ்வொரு ஃபிரெட் இருந்த இடத்திலும் நேர்க்கோட்டில் ஒரு தட்டையான தழும்பு. மூன்றாவது, ஐந்தாவது ஃபிரெட்களில் தழும்பு ஆழம், பன்னிரண்டுக்கு மேலே ஏறக்குறைய இல்லை. நான் எந்தச் சுரங்களில் வாழ்ந்திருக்கிறேன் என்று கம்பி எழுதி வைத்திருக்கிறது.

இந்தப் பசை கம்பியின் எடையைக் கொஞ்சம் கூட்டுகிறது, ஆனால் அது பெரிய விஷயமில்லை. பசை சுருள்களின் நடுவே உட்கார்ந்து அவற்றின் அசைவைத் தடுக்கிறது. கம்பி வளையும்போதெல்லாம் ஒரு பக்கத்துச் சுருள்கள் நெருங்குகின்றன, மறுபக்கத்துச் சுருள்கள் விலகுகின்றன. நடுவில் பசை இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அது பிசையப்பட்டு ஆற்றலைக் குடிக்கிறது, கம்பியின் ஆட்டம் சூடாக மாறிக் காணாமல் போகிறது. அடிப்படை அதிர்வில் கம்பி முழு நீளத்துக்கும் ஒரே மென்மையான வில். அதனால் பசைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. 10 மடங்கு மேற்சுரத்திலோ கம்பி பத்துத் துண்டுகளாகக் கூர்மையாக வளைகிறது, அதுவும் ஒரு விநாடிக்கு 412 முறை. மேலே போகப்போக வளைவும் கூர்மை, எண்ணிக்கையும் அதிகம். ஆகவே சாவு மேலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் மினுக்கு, பிறகு தெளிவு. அடிச் சுரம் மட்டும் கடைசிவரை நிற்கும். நாம் கணீர் என்று எதை அழைக்கிறோமோ, கம்பியில் அதுதான் மிகச் சீக்கிரம் அழுகும் பண்டம். கணீர் ஒலியைத் தேர்ந்தெடுக்கிறவர் அடிக்கடி வாங்கும் செலவையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

மங்கலுக்குக் காரணம் துரு என்று பலர் நினைக்கிறார்கள். துருவுக்கும் பங்கு உண்டு, ஆனால் முக்கியக் குற்றவாளி அது இல்லை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சில வாரங்களில் மங்கிவிடுகிறதே, அதுவே சாட்சி. இன்னொரு சாட்சி, வேகவைத்தல். இது கைப்பணம் குறைந்த பேஸ்காரர்களின் பழைய வித்தை. நானும் செய்திருக்கிறேன். அடுப்பில் பழைய அலுமினியப் பாத்திரம், கொதிக்கும் தண்ணீர், அதில் கம்பிகளைச் சுருட்டிப் போட்டுப் பத்து நிமிடம். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மிதந்து வரும். எடுத்து, துணியில் அழுத்தித் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டினால், போன மினுக்கு நிஜமாகவே திரும்பி வருகிறது! உலோகம் அப்படியே இருக்க, அழுக்கு மட்டும் போனதற்கே சத்தம் திரும்பியது என்றால் குற்றம் யாருடையது என்று தெரிந்துவிட்டது. தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட்டில் ஒரு நாள் ஊறவைப்பது இன்னும் நல்லது, துரு பயமில்லை. (ஸ்பிரிட்டை அடுப்பு, விளக்கு எதன் பக்கத்திலும் வைக்கக் கூடாது.) ஆனால் உயிர்த்தெழுந்த கம்பி என் கையில் ஒருபோதும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நின்றதில்லை. தழும்புகளை வெந்நீர் ஆற்றாது, தளர்ந்த சுருளை இறுக்காது. தழும்பு விழுந்த கம்பியில் எடை நீளவாக்கில் சீராக இல்லாததால் மேற்சுரங்கள் தங்கள் வரிசையிலிருந்து சற்று விலகி நிற்கும். வெறும் கம்பியைச் சுருதி கூட்டினால் ஏழாவது ஃபிரெட்டில் சுருதி விலகும் பேஸ் கிட்டாரைத் தச்சரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், கம்பியின் வயதைக் கேளுங்கள்.

சென்னைபோன்ற கடலோர ஊரில் வாசிப்பவருக்கு இன்னொரு எதிரி காற்றிலேயே இருக்கிறது. வியர்வையில் உப்பு, காற்றில் உப்பு, காயவிடாத ஈரப்பதம். நிக்கல் முலாம் பூசிய எஃகுச் சுருள்தான் இன்று மிகப் பரவலாக விற்பது. ஃபிரெட்டில் உரசி முலாம் தேய்ந்த இடத்தில் எஃகு வெளியே தெரியும், உப்பு அங்கேதான் முதலில் கடிக்கும். ஆளுக்கு ஆள் வியர்வையும் மாறும். ஒருவர் ஆறு மாதம் ஓட்டும் செட்டை இன்னொருவர் கை மூன்று வாரத்தில் தின்றுவிடும். அது அவர் தப்பில்லை. இதற்கு நான் அறிந்த மிக மலிவான மருந்து பழைய பனியன் துணி. வாசித்து முடித்த கையோடு ஒவ்வொரு கம்பியையும் துணியால் சுற்றிப் பிடித்து, அடிப்பக்கமும் படும்படி ஒரு முறை மேலிருந்து கீழே இழுத்துவிட வேண்டும். இந்த அரை நிமிடம் கம்பியின் ஆயுளைக் கண்ணுக்குத் தெரிய நீட்டுகிறது.

இதே தர்க்கத்தின் தொழிற்சாலை வடிவம்தான் உறையிட்ட கம்பி. மழை உள்ளே புகாத கோர்டெக்ஸ் துணி செய்யும் கோர் கம்பெனி, நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் அதே ஃபுளோரின் பாலிமரைக் கம்பியின் மேல் மெல்லிய உறையாக இட்டு, எலிக்ஸிர் என்ற பெயரில் 1990-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பள்ளங்களின் வாயை மூடிவிட்டால் பசை எங்கே போய் உட்காரும்? நியாயமான யோசனை, வேலையும் செய்கிறது. விலை அதிகம். முதல் நாள் சத்தம், உறையில்லாத கம்பியைவிட ஓர் இழை அடக்கமாக இருக்கும், ஏனென்றால் உறையும் வளைவைச் சற்றுத் தடுக்கிறது. அதற்குப் பதிலாக அந்த முதல் நாள் பல மாதம் நீடிக்கிறது. ஈரமான ஊரில், வியர்க்கும் கைக்கு, கணீர் ஒலி வேண்டும் என்பவருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

மற்ற உலோகங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சுத்த நிக்கல் கொஞ்சம் மென்மை, கொஞ்சம் இளஞ்சூடு, முதல் நாளே ஒரு வாரப் பழசுபோல ஒலிக்கும். துருப்பிடிக்காத எஃகு மிகப் பளிச், விரலுக்குச் சொரசொரப்பு. அக்கூஸ்டிக் கிட்டாரில் அழகாகப் பேசும் வெண்கலச் சுருளை மின்சார பேஸில் மாட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும். அது காற்றின் ஒலியைக் கேட்பதில்லை, காந்தம் ஈர்க்கும் உலோகத்தின் ஆட்டத்தைத்தான் கேட்கிறது. வெண்கலம் இருப்பதே காந்தத்துக்குத் தெரியாது, உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு நரம்பு மட்டும்தான் அதன் கண்ணில் படும். நைலான் நாடா சுற்றிய கறுப்புக் கம்பிகளிலும் பிக்கப் பார்ப்பது நாடாவுக்கு உள்ளே இருக்கும் உலோகத்தைத்தான்.

உழைப்பு என்ற பேச்சில் கம்பியை மட்டும் கணக்கிடுவதும் சரியில்லை. சாதாரண ஃபிரெட், 'நிக்கல் சில்வர்' என்று பெயர் கொண்ட, வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. துருப்பிடிக்காத எஃகுச் சுருள் அதைவிடக் கடினம், அரம்போல ராவும். பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் 1962-ஆம் வருடத்து ஃபெண்டர் 'ஜாஸ் பேஸ்' கிட்டார் ஒன்றின் ஃபிரெட்களை எடுத்துவிட்டு, ரோட்டோசவுண்டின் வட்டக் கம்பிகளை மாட்டி வாசித்தார். ஃபிரெட் இல்லையென்றால் அரம் உரசுவது நேராக மரத்தின் மேல். அதைத் தாங்க அவர் விரல் பலகையின் மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். கண்ணாடிபோல இறுகிய அந்தப் பூச்சின் மேல் வட்டக் கம்பி உரசியதும் அவருடைய பாடும் ஒலியின் ஒரு பகுதி. 1976-இல் வந்த அவருடைய முதல் தனித் தொகுப்பைக் கேட்டால் தெரியும். ஃபிரெட் இல்லாத பேஸ் வைத்திருப்பவர் இந்த எபாக்ஸி வேலைக்குத் தயாராக இல்லையென்றால், தட்டைக் கம்பியோ நைலான் நாடாக் கம்பியோ போதும். பலகை பிழைக்கும்.

முதல் செட் எது வாங்கட்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது நிக்கல் முலாம் பூசிய வட்டக் கம்பி, கடைக்காரர்கள் '45–105' என்று அழைக்கும் அளவு. கிட்டார் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் இதற்கு ஏற்றபடிதான் கழுத்தும், அதன் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் நட்டும் சரிசெய்யப்பட்டிருக்கும். அதைவிடப் பெரிய காரணம், அது சாவதைக் கேட்கலாம் என்பது. பளிச்சென்று தொடங்கி, சில வாரங்களில் நடுத்தரமாகி, சில மாதங்களில் மந்தமாகும் அந்த முழுப் பயணத்தில் எந்த இடத்தில் உங்கள் காது 'இங்கேயே நின்றுவிடு' என்று கேட்கிறதோ, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் என்றால் உங்களுக்கு எஃகோ, உறையிட்ட கம்பியோ. இரண்டாம் மாதத்தில் என்றால் சுத்த நிக்கல். ஆறாம் மாதத்துக்குப் பிறகும் மாற்றத் தோன்றவில்லை என்றால் தட்டைக் கம்பி வாங்குங்கள். பள்ளமே இல்லாததால் அழுக்கு சேர இடமில்லை, வருடக்கணக்கில் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும், கடைசியில் இருப்பதிலேயே சிக்கனமும் அதுவே.

மங்குவது மெதுவாக நடப்பதால் காது பழகிவிடும், நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியாது. அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன், கருவி எதுவும் வேண்டாம். ஈ கம்பியின் மேல், பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேராக, அழுத்தாமல் விரலைப் படவைத்து மீட்டி உடனே விரலை எடுங்கள். 82 ஹெர்ட்ஸ் தனியாகப் பாடும். ஏழாவது ஃபிரெட்டில் 124, ஐந்தாவதில் 165, நான்காவதில் 206, மூன்றாவதைச் சற்றுத் தாண்டி 247. கம்பிக்குள் ஒளிந்திருந்த மேற்சுரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இது. புதுக் கம்பியில் இவை அத்தனையும் கூப்பிட்டதும் வந்து, மணி அடித்ததுபோல நீண்டு நிற்கும்.

நேற்றுக் கழற்றுவதற்கு முன் பழைய கம்பியில் இதைச் செய்து பார்த்தேன். பன்னிரண்டில் நன்றாகவே பாடியது. ஏழில் பாடியது, ஐந்தில் மூச்சுவிட்டதுபோல வந்து போனது. நான்காவதில் விரல் கம்பியை விட்ட 'டிக்' மட்டும். புதுக் கம்பியை மாட்டியபின் அதே இடத்தில் மறுபடி தொட்டேன். 206 ஹெர்ட்ஸ் எழுந்து அறை முழுக்க நின்றது, அடங்கும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கம்பி வந்த காகித உறையில் தேதியை எழுதிக் கிட்டார் பெட்டிக்குள் வைத்தேன்.